ஆட்டுக்கறி சூப்பில் ஃபூசிக் கிழங்கு: சாப்பிடலாமா?

நாலாம்வருஷம்
டிசம்பர் 14, இரவு 10.12

வணக்கம். சிச்சுவானில் மருத்துவம் படிக்கிறேன். கூடப் படிக்கும் சீன நண்பனின் ஊர் ஜியாங்யோ, மியன்யாங் பக்கம். கவிஞர் லீ பை வளர்ந்த ஊர் என்று பெருமையாகச் சொல்வான். வரும் 21ஆம் தேதி அவர்களுக்கு தோங்ஜி, ஆண்டிலேயே நீளமான இரவு வரும் நாள். அன்றைக்கு சிச்சுவானில் வீட்டுக்கு வீடு ஆட்டுக்கறி சூப் கொதிக்கும். நண்பன் வீட்டில் அதோடு ஃபூசி என்ற கிழங்கையும் போடுவார்களாம். குளிருக்கு உடம்பைச் சூடாக்கும் என்கிறான்.

ஃபூசி என்றால் என்னவென்று தேடினேன். அகோனிட்டம் கார்மைக்கேலி. போன பருவத்தில் நச்சியல் பாடத்தில் படித்த அதே செடி. என் குறிப்பேட்டில் "முறிவு மருந்து கிடையாது" என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

பாட்டி நாற்பது வருஷமாகச் சமைக்கிறாராம், இதுவரை ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். போய் உட்கார்ந்து சாப்பிடாமல் வந்தால் அவர் முகம் வாடிவிடும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மாஒருத்தன்
டிசம்பர் 14, இரவு 10.40

நாற்பது வருஷமாக ஒன்றும் ஆகாதவர்கள்தான் நாற்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியும். மற்றவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சோறு மட்டும் சாப்பிடு.

வேர்ப்பொடி
டிசம்பர் 15, காலை 6.05

சித்த மருத்துவன் நான். பாளையங்கோட்டையில் படித்தேன். தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், பயப்பட வேண்டாம். ஃபூசி நமக்கு அந்நியமில்லை. நம் நூல்களில் வரும் நாவி அதே பேரினத்தைச் சேர்ந்தது. நம்முடையது இமயமலையில் வருவது, அவர்களுடையது சிச்சுவானில் பயிராவது. பச்சைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் அதிவிடயம்கூட அகோனிட்டம் தான், ஆனால் அதில் அந்தக் கடும் நஞ்சு இல்லை. பெயரைப் பார்த்தே நடுங்கினால் அதிவிடயத்தையும் தூக்கி எறிய வேண்டியதுதான்.

நாவியைச் சிறு துண்டாக நறுக்கி, கோமியத்தில் மூன்று நாள் ஊறவைத்து, தினமும் கோமியத்தை மாற்றி, வெயிலில் உலர்த்துவோம். அதுதான் சுத்தி. சீனர்களும் அவர்கள் வழியில் சுத்தி செய்கிறார்கள். சுத்தி செய்தது மருந்து, செய்யாதது விஷம். அவ்வளவுதான்.

பால்கனித்தோட்டம்
டிசம்பர் 15, காலை 8.31

இது நம்ம செங்காந்தள் கிழங்கு இல்லையா? எங்கள் ஊரில் அதை நாபிக்கொடி என்றும் சொல்வார்கள்.

வேர்ப்பொடி
டிசம்பர் 15, காலை 8.50

இல்லையம்மா. பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர செடி வேறு, நஞ்சும் வேறு. செங்காந்தளில் இருப்பது கொல்ச்சிசின். நாவியில் இருப்பது அகோனைட்டின். இரண்டையும் குழப்பினால் வைத்தியமும் குழம்பும்.

கொதிநிலை
டிசம்பர் 15, பிற்பகல் 1.20

வேர்ப்பொடி ஐயா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். "சுத்தி செய்தது மருந்து, செய்யாதது விஷம்" என்ற வரி மட்டும் எனக்கு இடிக்கிறது. மருந்து நிறுவனத்தில் வேதியியல் பார்ப்பவன் நான். சுவிட்சு போட்டால் விளக்கு எரிவது போன்ற சமாசாரம் இல்லை இது.

கிழங்கில் மூன்று வில்லன்கள்: அகோனைட்டின், மெசகோனைட்டின், ஹைப்பகோனைட்டின். ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு எஸ்டர் இணைப்புகள் உண்டு. தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க முதலில் ஒன்று அறுந்து பென்சாயில்அகோனின் ஆகிறது. நச்சு சுமார் 200-இல் ஒரு பங்காகக் குறைகிறது. இன்னும் கொதித்தால் அடுத்ததும் அறுந்து அகோனின். அதன் நச்சு சுமார் 2,000-இல் ஒரு பங்கு. அதாவது விஷம் எங்கும் ஓடிப்போவதில்லை, அங்கேயே இருந்து வேறொன்றாக மாறுகிறது. எவ்வளவு மாறியது என்பது எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு, துண்டு எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தது. பாதி வெந்த கிழங்கில் பாதி விஷம் இருக்கும்.

தூய அகோனைட்டின் 2 மில்லிகிராம் ஓர் ஆளைக் கொல்லப் போதும் என்பார்கள். ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அதில் மிகச் சிறு பகுதியை மட்டும் விரலில் ஒட்டிப் பாருங்கள், அளவு புரியும்.

உயரமும் ஒரு விஷயம். தென்சீனத்தில் யுன்னான் மாகாணத்தில் சாவோவூ என்ற இதன் காட்டு உறவைக் குளிர்காலத்தில் சமைத்துச் சாப்பிடும் பழக்கம் உண்டு. குன்மிங் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,900 மீட்டர். அங்கே தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானை தளபுளவென்று கொதிக்கும், சூடு மட்டும் போதாது. ஒவ்வொரு ஆண்டும் அங்கே அரசு "சாவோவூ சாப்பிடாதீர்கள்" என்று எச்சரிக்கை விடுகிறது, ஒவ்வொரு ஆண்டும் யாராவது சாப்பிடுகிறார்கள். ஜியாங்யோ அவ்வளவு உயரமில்லை, அது நல்லது.

சும்மாஒருத்தன்
டிசம்பர் 15, பிற்பகல் 1.44

அப்படியானால் மரவள்ளிக் கதைதான். மூடிபோட்டு வேகவைக்கக் கூடாது, தண்ணீரை வடிக்க வேண்டும், மேலே இஞ்சி சேர்க்கக் கூடாது.

கொதிநிலை
டிசம்பர் 15, பிற்பகல் 2.02

மரவள்ளியில் நஞ்சு ஆவியாகப் போகிறது, இதில் உடைகிறது. இஞ்சிதான் வேடிக்கை. நம் பாட்டிகள் மரவள்ளி தின்றால் இஞ்சி பக்கம் போகாதே என்பார்கள். சீனர்களோ ஃபூசிக்குச் சுக்கையும் அதிமதுரத்தையும் துணைக்கு அனுப்பாமல் அடுப்பில் ஏற்றுவது அபூர்வம்.

இரவுப்பணி
டிசம்பர் 15, இரவு 11.47

சிங்கப்பூரில் அவசரப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருநாள் விடியற்காலை கான்டனீஸ் பேசும் பெரியவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். உதட்டைத் தொட்டுத் தொட்டு "மா, மா" என்றார். அம்மாவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்து, "அம்மா வருவாங்க, கவலைப்படாதீங்க" என்று தமிழும் மலாயும் கலந்து சொன்னேன். பக்கத்திலிருந்த சீனத் தாதி என்னைத் தள்ளிவிட்டு மானிட்டர் ஒயர்களை ஒட்ட ஆரம்பித்தாள். "மா" என்றால் மரத்துப்போவதாம். உதடு, நாக்கு, அப்புறம் விரல் நுனி. எறும்பு ஊர்வது போல் இருக்கிறது என்று அவர் மகள் பிறகு மொழிபெயர்த்தாள்.

திரையில் ஓடிய கோட்டை இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு துடிப்பு மேலே, அடுத்தது கீழே, மறுபடி மேலே, கீழே. ரம்பத்தை நிமிர்த்தி வைத்தது போல. இதயத்தின் கீழறைகள் தறிகெட்டுத் துடிக்கும்போது, அதிலும் வெகு சில நிலைகளில் மட்டுமே, இப்படித் திசை மாறி மாறி வரும்.

மனைவி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். முட்டிவலிக்குத் தேய்க்கக் கிழங்கைச் சாராயத்தில் ஊறவைத்தது. தேய்த்துப் பலனில்லை, குடித்தால் வேகமாகக் கேட்கும் என்று ஒரு சின்னக் கோப்பை குடித்திருக்கிறார். சாராயம் நஞ்சை நன்றாக இறக்கிக்கொள்ளும், ஆனால் அதை உடைக்காது. அங்கே கொதிக்கவே இல்லையே! முறிவு மருந்து கிடையாது. துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் கொடுத்து, துடிப்பு நிற்கும்போதெல்லாம் நெஞ்சை அழுத்தி, உடம்பு நஞ்சை வெளியேற்றும்வரை ஆளைத் தாக்குப்பிடிக்க வைப்பது மட்டும்தான் எங்கள் வேலை. மறுநாள் மாலை கஞ்சி கேட்டார். பிழைத்தார்.

வேர்ப்பொடி ஐயா, அந்தக் கிழங்கை விற்ற கடைக்காரரும் சுத்தி செய்தது என்றுதான் சொல்லியிருந்தாராம்.

வேர்ப்பொடி
டிசம்பர் 16, காலை 5.58

அது மருந்தின் குற்றமில்லை. தேய்க்கக் கொடுத்ததைக் குடித்தவரின் குற்றம்.

இரவுப்பணி
டிசம்பர் 16, காலை 7.15

குற்றம் யார் மேல் என்று நான் கேட்கவில்லை ஐயா. படுக்கையில் கிடப்பவருக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஏட்டுச்சுரைக்காய்
டிசம்பர் 16, காலை 11.30

குற்றம் யார் மேல் என்று பேசினால் எனக்குப் பிடித்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கி.மு. 71. ஹான் பேரரசர் ஷுவானின் பட்டத்தரசி ஷூ பிங்ஜூன் பிள்ளை பெறும் நேரம். அரசரைவிட அதிகாரம் படைத்த தளபதி ஹுவோ குவாங்கின் மனைவிக்குத் தன் மகளை அரசியாக்க ஆசை. சுன்யு யான் என்ற பெண் வைத்தியரைப் பிடித்தார். அந்த அம்மாளின் கணவருக்கு ஒரு நல்ல உத்தியோகம் வேண்டியிருந்தது. பேரம் முடிந்தது. சுன்யு யான் ஃபூசியை இடித்துக் கொண்டுபோய், பிரசவத்துக்குப் பிறகு அரண்மனை வைத்தியர் கொடுத்த மாத்திரையில் கலந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அரசி, "தலை கனக்கிறது, மருந்தில் விஷம் ஏதும் இல்லையே?" என்று கேட்டார். "இல்லை" என்று பதில். பிறகு மூச்சுத் திணறி இறந்தார். அரசாங்க வரலாற்று நூலிலேயே இருக்கிற செய்தி. 2,000 ஆண்டுக்கு முன்பே ஒரு பேறுகால அறையில் எந்த மருந்தை எந்த மாத்திரையில் மறைக்கலாம் என்று தெரிந்திருக்கிறது பாருங்கள்.

சொல்லின் கதையும் இருக்கிறது. தாய்க்கிழங்குக்கு வூதோ என்று பெயர், "காக்கைத் தலை". வடிவம் அப்படி. தாயின் பக்கவாட்டில் முளைக்கும் பிள்ளைக்கிழங்குதான் ஃபூசி. ஃபூ என்றால் ஒட்டியிருப்பது. மஞ்சளில் குண்டு, விரலி என்று பிரிப்போமே, கிட்டத்தட்ட அப்படி. ஆனால் இங்கே தாயும் பிள்ளையும் வெவ்வேறு மருந்து, வெவ்வேறு விலை. கன்பூசியஸின் சீனப் பெயரான கோங் ஃபூசியில் வரும் ஃபூசி வேறு எழுத்து, வேறு தொனி. அவர் நஞ்சில்லாத மனிதர்.

சும்மாஒருத்தன்
டிசம்பர் 16, பகல் 12.05

அது அவரிடம் படித்த மாணவர்களுக்குத்தான் தெரியும்.

நாலாம்வருஷம்
டிசம்பர் 16, இரவு 9.33

இரவுப்பணி அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நண்பனிடம் போனேன். அவன் சிரித்துவிட்டு அவர்கள் ஊர் வயல் கதையை ஆரம்பித்தான். அவன் மாமா இதைப் பயிரிடுகிறார். எனக்குப் புதிதாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

விதைக்கிழங்கை வயலில் எடுப்பதில்லை. சுற்றியிருக்கும் குளிர்ந்த மலைகளில் வளர்த்துக் கீழே கொண்டுவருகிறார்கள். நடுவது தோங்ஜியை ஒட்டி, அதாவது அவர்கள் சூப் குடிக்கும் அதே வாரம். எடுப்பது கோடையில், பகல் நீளமான நாளை ஒட்டி. நடுவில் வசந்தத்தில் ஒரு வேலை இருக்கிறது. செடி ஒவ்வொன்றின் அடியிலும் மண்ணை விலக்கி, முளைத்திருக்கும் சின்னக் கிழங்குகளைக் கத்தியால் சீவி எறிந்து, இரண்டு மூன்றை மட்டும் விட்டு, மறுபடி மண்ணை மூட வேண்டும். அப்போதுதான் மிச்சமிருப்பது பெருக்கும். நாள் முழுக்கக் குனிந்தபடி செய்ய வேண்டிய வேலை. மாமாவின் முதுகுவலிக்கு மருந்தும் அதே கிழங்குதான் என்று சொல்லிச் சிரித்தான்.

தோண்டியதும் சேற்றோடு இருப்பதை "மண் ஃபூசி" என்கிறார்கள். கோடை வெக்கையில் சீக்கிரம் அழுகும். அதனால் உடனே தான்பா என்ற கசப்பு உப்புநீரில் போட்டுவிடுவார்கள். உப்பளத்தில் உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் நீர் அது. நாள்கணக்கில் ஊறும். அப்புறம் வேகவைத்து, சீவி, தண்ணீரில் அலசி, ஆவியில் வைத்து, உலர்த்துவார்கள். தோலோடு நீளவாக்கில் சீவி நிறமேற்றினால் கறுப்புச் சீவல். தோலை உரித்தால் வெள்ளைச் சீவல். பாட்டி வாங்குவது கறுப்பு.

ஏட்டுச்சுரைக்காய்
டிசம்பர் 16, இரவு 10.10

அந்த மாமாவின் வயலுக்கு ஆயிரம் ஆண்டுப் பரம்பரை இருக்கிறது. ஜியாங்யோவின் ஒரு பகுதிக்கு முன்பு ஜாங்மிங் என்று பெயர். சோங் அரசு காலத்தில் அங்கே அதிகாரியாக இருந்த யாங் தியான்ஹுய் 1099இல் ஃபூசி சாகுபடி பற்றி ஒரு குறிப்பு எழுதி வைத்தார். நாலு ஊர்களில் விளைகிறது, ஆண்டுக்கு 1,60,000 ஜின்னுக்கு (சீன எடை அளவு) மேல் கிடைக்கிறது என்று கணக்கும் கொடுத்தார். ஒரு தாசில்தார் உட்கார்ந்து ஒரு நச்சுக்கிழங்குக்கு இவ்வளவு பொறுமையாகக் கணக்கு எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது.

மட்டுறுத்துநர்
டிசம்பர் 17, காலை 9.00

தனிப்பட்ட தாக்குதல் இருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யாரும் இங்கே அளவு கேட்கவோ சொல்லித் தரவோ வேண்டாம்.

அனல்குடில்
டிசம்பர் 17, காலை 10.22

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். சீன வைத்தியம் பயிலும் தமிழன். இங்கே எல்லாரும் பயமுறுத்தியே எழுதுகிறீர்கள். பழைய சீன வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பச்சை ஃபூசியைப் பயன்படுத்தினார். பச்சை! உப்புநீருமில்லை, கறுப்புச் சீவலுமில்லை. அவருடைய ஸினி கஷாயத்தில் ஒரு முழுப் பச்சைக் கிழங்கு, தோலுரித்து எட்டுத் துண்டு. 19ஆம் நூற்றாண்டில் சிச்சுவானின் ஜெங் சின்ஆன் வழிவந்தவர்களை "நெருப்புத் தெய்வப் பள்ளி" என்பார்கள். குன்மிங்கில் வைத்தியம் பார்த்த வூ பெய்ஹெங்கை மக்கள் "வூ ஃபூசி" என்றே கூப்பிட்டார்கள். ஷான்ஷியின் லீ கே இதய நோயாளிகளுக்கு 100, 200 கிராம்வரை போனார். சீன அரசின் மருந்துநூல் 3 முதல் 15 கிராம் என்று எழுதிவைத்திருப்பது கோழைத்தனம்.

கொதிநிலை
டிசம்பர் 17, காலை 11.08

ஸினி கஷாயத்தின் மிச்ச வரிகளையும் சேர்த்து எழுதுங்கள் நண்பரே. சுக்கும் அதிமதுரமும் சேர வேண்டும். மூன்று பங்கு தண்ணீர் ஒன்றேகால் பங்குக்குக் கீழே வற்றும்வரை காய்ச்ச வேண்டும். வடித்ததை இரண்டாகப் பிரித்து இளஞ்சூட்டில் கொடுக்க வேண்டும். யாருக்கு? கைகால் சில்லிட்டு, நாடி தொட்டாலும் கிடைக்காமல் போய்க்கொண்டிருக்கும் ஆளுக்கு. அது ஆற்றில் மூழ்குபவனுக்கு வீசும் கயிறு. கரையில் நிற்பவன் கழுத்தில் அதே கயிற்றைக் கட்டினால்?

200 கிராம் போடும் வைத்தியர்களைப் பற்றி ஒன்று. அவர்கள் அந்த 200 கிராமையும் மணிக்கணக்கில் கொதிக்க வைக்கிறார்கள். தராசில் நிறுப்பது கிழங்கை. வயிற்றுக்குப் போவதில் அகோனைட்டின் எவ்வளவு என்பது வேறு கணக்கு. நன்றாக வெந்த 60 கிராமைவிட வேகாத 5 கிராம் ஆபத்தாக இருக்கலாம். கிராம் எண்ணை வீரமாகப் பேசுவதில் எனக்குள்ள சங்கடம் இதுதான். கேட்பவன் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வான், அடுப்பு நேரத்தை மறந்துவிடுவான்.

சீன அரசே 1988இல் நச்சு மருந்துகளுக்கென்று தனி விதி போட்டது. அதில் 28 மூலிகை, தாதுப் பொருள்கள். பச்சை ஃபூசி, அதன் தாய்க்கிழங்கான பச்சை சுவான்வூ, பச்சை சாவோவூ மூன்றும் உண்டு. ஒரு சீட்டில் இரண்டு நாளுக்கான உச்ச அளவுக்கு மேல் எழுதக் கூடாது. ஹாங்காங் பட்டியலில் 31. அதிலும் இவை இருக்கின்றன. நம் நாட்டில் மருந்துச் சட்டத்தில் நச்சுப் பொருள்களைப் பட்டியலிடும் ஈ-1 அட்டவணையில் நாவியும் இருக்கிறது, வேர்ப்பொடி ஐயாவுக்குத் தெரியும். எல்லாரும் கோழைகளா?

வேர்ப்பொடி
டிசம்பர் 17, பிற்பகல் 3.40

ஈ-1 உண்மைதான். மேலுறையில் எச்சரிக்கை போட்டே விற்க வேண்டும்.

நேற்று நான் எழுதியதை யோசித்தேன். சுத்தி என்ற சொல்லைக் கேட்டதும் மனசு நிம்மதியாகிவிடுகிறது, அதில் வம்பு இருக்கிறது. என் ஆசான் சுத்தி செய்த நாவியையும் தானே ஒரு துணுக்கு நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்தில் சேர்ப்பார். கடையில் சுத்தி செய்தது என்று வாங்கியதைத் திரும்ப ஊறப்போடுவார். "அவன் சுத்தி அவனோடு" என்பார். அதை எழுத மறந்துவிட்டேன்.

பால்கனித்தோட்டம்
டிசம்பர் 17, மாலை 6.12

கனடாவில் மசாலாப் பொடியால் உணவகத்தில் பலர் விழுந்தார்களே, அதுவும் இதுதானா?

இரவுப்பணி
டிசம்பர் 17, இரவு 11.20

இதுவேதான். 2022 ஆகஸ்ட், டொரான்டோ பக்கம் மார்க்கம். ஒரே உணவகத்தில் சாப்பிட்ட 12 பேர். கோழிக்கறியில் தூவிய கச்சோலப் பொடியில் அகோனைட் கலந்திருந்தது. நம் ஊரிலும் குளியல் பொடியில் போடும் அதே கச்சோலம். காய்ந்து பொடியான பிறகு எந்தக் கிழங்கும் எந்தக் கிழங்கு மாதிரியும் இருக்கும். 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் மூலிகைத் தேநீர் குடித்த இரண்டு பேருக்கு இதே கதி. அதில் ஒரு பெண்மணி பிழைக்கவில்லை.

தம்பி, நீ போவதென்று முடிவு செய்துவிட்டாய் என்று எழுத்திலேயே தெரிகிறது. ஒன்றை மட்டும் மனசில் வை. பத்து நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். உதடு மரத்தால் படுத்துப் பார்ப்போம் என்று இருக்காதே, ஈசிஜி இருக்கும் இடத்துக்குப் போ. கிழங்கின் பெயரைச் சீனத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்.

கொதிநிலை
டிசம்பர் 18, காலை 12.40

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி ஒரு துணுக்கு. அகோனைட்டின் நரம்பிலும் இதயத்திலும் உள்ள சோடியம் வாயில்களைத் திறந்தே வைத்துவிடுகிறது. பேத்தை மீனின் டெட்ரோடாக்சின் அதே வாயில்களை அடைத்துவிடுகிறது. 1986இல் ஜப்பானின் இஷிகாகி தீவில் ஒரு பெண் இறந்தார். கணவன் அவரை விட்டுப் பிரிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, அதனால் அவன் நஞ்சு கொடுத்திருக்க முடியாது என்று தோன்றியது. இரண்டு நஞ்சையும் கலந்து கொடுத்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. ஒன்று கதவைத் திறக்க, ஒன்று மூட, நடுவில் அவனுக்கு நேரம் கிடைத்தது. எடுத்து வைத்திருந்த இரத்தத்தைப் பிறகு பரிசோதித்துத்தான் பிடித்தார்கள்.

நாலாம்வருஷம்
டிசம்பர் 22, காலை 8.15

உயிரோடு இருக்கிறேன். முழுசாக எழுதுகிறேன்.

காலை ஏழரைக்கே போய்விட்டேன், பார்க்கத்தான். பாட்டி முதல்நாள் இரவே கறுப்புச் சீவலை ஊறப்போட்டிருந்தார். எட்டு மணிக்கு மண்பானையில் தண்ணீரும் பெரிய துண்டு இஞ்சியும் சீவலும் மட்டும். கறி கிடையாது. கறி பத்தரைக்கு மேல்தான் உள்ளே போயிற்று. பக்கத்து அடுப்பில் ஒரு கெட்டில் கொதித்துக்கொண்டே இருந்தது. பானையில் தண்ணீர் குறைந்தால் அதிலிருந்துதான் ஊற்றுவார். நான் உதவுவதாக நினைத்துக் குழாய்த் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்தேன். பாட்டி என் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தார். பச்சைத் தண்ணீர் பட்டால் "விஷம் திரும்பி வரும்" என்பது அவர் கணக்கு. விஷம் திரும்பாது, கொதி நின்றுபோகும் என்று கொதிநிலை அண்ணன் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. சிச்சுவான் சமையலறையில் ஹுவாஜியாவ் மிளகு இல்லாமல் ஒன்றும் நடக்காது. நாக்கை விறுவிறுவென்று மரக்கச் செய்யும் மிளகு. மா-லா என்பதில் உள்ள "மா" அதுதான், அக்கா சொன்ன அதே "மா". பாட்டி அன்று அந்த மிளகு ஜாடியை எடுத்துக் கொல்லைப்புறத் திண்ணையில் வைத்துவிட்டார். மேசையில் இருந்த மிளகாய் எண்ணெயையும். காலையிலிருந்து அவர் காரமாக எதுவும் சாப்பிடவில்லை. ஏனென்று கேட்டேன். "நாக்கு பொய் சொல்லக் கூடாது இல்லையா" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு இருப்பதில் தடிமனான ஒரு சீவலை எடுத்து, ஊதி, முனையைக் கடித்து, நாக்கில் அப்படியே வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒருவரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துப்பிவிட்டுத் தலையாட்டினார். இன்னும் வேண்டும் என்று அர்த்தம். ஒரு மணிக்கு மறுபடி. இந்தமுறை தாத்தாவுக்கும் ஒரு துணுக்கு. சரி என்றார்கள். அப்போதும் அவர்கள் இருவரும் முதலில் சாப்பிட்டு அரைமணி நேரம் ஆன பிறகே மற்றவர்களுக்குக் கிண்ணம் வந்தது. குழந்தைகளுக்குத் தனிப்பானையில் ஃபூசி இல்லாத சூப்.

சூப் அரைக் கிண்ணம் குடித்தேன், கறி நாலு துண்டு, சீவல் ஒன்றே ஒன்று. வெந்த சேப்பங்கிழங்கு மாதிரி மாவாக இருந்தது, சுவை பெரிதாக இல்லை. உடம்பு சூடாயிற்றா என்றால், அடுப்படியில் ஐந்து மணி நேரம் நின்றவனுக்கு எப்படித் தெரியும்? இரவு முழுக்க மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே தூங்காமல் கிடந்தேன். அதில் நிமிடத்துக்கு 90 வந்தது பயத்தால் வந்தது என்று நினைக்கிறேன்.

இரவுப்பணி
டிசம்பர் 22, காலை 8.50

நல்லது. பாட்டியை மதிக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், நாக்கு ஒரு துண்டைத்தான் ருசி பார்த்தது. பானையில் அதைவிடத் தடிமனான துண்டு இருந்திருந்தால் அது யார் கிண்ணத்தில் விழுந்திருக்குமோ.

சும்மாஒருத்தன்
டிசம்பர் 22, காலை 9.05

ஆனால் மிளகு ஜாடியை வெளியே வைத்ததற்கு அந்தப் பாட்டிக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம். நான் முதலில் எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். பாதிதான்.

அனல்குடில்
டிசம்பர் 22, பிற்பகல் 2.30

ஐந்து மணி நேரம் என்பது எங்கள் ஆசிரியர் சொல்வதைவிட அதிகம். அதைக் குறித்துக்கொண்டேன்.

நாலாம்வருஷம்
டிசம்பர் 27, இரவு 8.48

இழையை மறுபடி கிளப்புவதற்கு மன்னிக்கவும். ஒன்று நடந்துவிட்டது.

கிளம்பும்போது பாட்டி ஒரு பொட்டலம் கறுப்புச் சீவல் கொடுத்தார். வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. விடுதியின் பொதுச் சமையலறை அலமாரியில் என் தட்டில் வைத்தேன். பிளாஸ்டிக் பை, மேலே எழுத்து எதுவும் இல்லை. சமைக்கும் எண்ணமே இல்லாததால் மறந்தும்விட்டேன்.

இன்று மாலை வகுப்பு முடிந்து வந்தால் சமையலறையில் புளி வாசனை. என் அறைத்தோழன், திருநெல்வேலிப் பையன், வத்தக்குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறான். "வீட்டிலிருந்து மாங்காய் வத்தல் வந்ததைச் சொல்லவே இல்லையே" என்கிறான். எட்டிப் பார்த்தேன். நல்லெண்ணெயில் வதக்கிய கறுப்புச் சீவல் ஆறோ ஏழோ புளிக்கரைசலில் மிதக்கிறது. உண்மையிலேயே மாங்காய் வத்தல் மாதிரிதான் இருந்தது, அதே சுருக்கம், அதே பழுப்பு விளிம்பு. கொதி வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

உப்பு பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்டேன். இன்னும் இல்லை என்றான்.

இரவுப்பணி
டிசம்பர் 27, இரவு 8.55

அவன் உதடு? விரல்? கேட்டுச் சொல். கரண்டியை நக்கினானா?

நாலாம்வருஷம்
டிசம்பர் 27, இரவு 9.02

இல்லை அக்கா. மூன்றுமுறை கேட்டுவிட்டேன். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறான். என்மேல் கோபமாக இருக்கிறான். குழம்பைக் கொட்டிவிட்டோம். மிச்சப் பொட்டலத்தில் சீனத்தில் பெயர் எழுதி ஒட்டி என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன், நாளைக்கு நண்பனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இரவுப்பணி
டிசம்பர் 27, இரவு 9.04

சட்டியைக் கழுவினீர்களா?

நாலாம்வருஷம்
டிசம்பர் 27, இரவு 9.06

இரண்டு தடவை. கரண்டியையும். இப்போது முட்டை பொரிக்கிறான்.